தூக்கி வரத் தெரிகிறது, அதற்குப் பிறகு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை ஆரம்பித்துவிட்டால் கடலில் மூழ்கி இறந்தவர்களைப் பற்றிய செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் இருக்கும். குடும்பத்தோடு வந்தார்கள், கடலில் இறங்கினார்கள், அலை இழுத்தது, அங்கிருந்த மீனவர்கள் மீட்டார்கள், மருத்துவமனைக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் பிரிந்தது. இதில் 'மீனவர்கள் மீட்டார்கள்' என்பதற்கும் 'வழியில் உயிர் பிரிந்தது' என்பதற்கும் நடுவில் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ இருக்கிறது. அந்த நேரத்தில் மணலில் என்ன நடந்தது, யார் என்ன செய்தார்கள் என்று யாரும் எழுதுவதும் இல்லை, கேட்பதும் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், சுருக்காமல் வெளியிட்டால் நன்றியோடு இருப்பேன்.

நான் ராமேஸ்வரம் தீவில் பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டு, கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் ஆட்களுக்குக் கடலிலிருந்து ஒருவரைத் தூக்கி வரக் கற்றுத்தர வேண்டியதே இல்லை. சட்டையைக் கழற்றக்கூட நேரம் எடுத்துக்கொள்ளாமல் குதித்துவிடுவார்கள். எந்தப் பக்கம் நீரோட்டம் இழுக்கிறது, ஆள் எங்கே போய் ஒதுங்குவான் என்பதெல்லாம் அவர்களுக்குப் பார்த்தவுடன் தெரியும். ஆனால் கரைக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு என்ன செய்வது என்று கேட்டால் பத்துப் பேரும் பத்து விதமாகச் சொல்வார்கள், அதில் ஒன்பது தப்பாக இருக்கும். அது அவர்கள் குற்றமில்லை. இத்தனை வருடத்தில் அவர்களை உட்காரவைத்து யாரும் முறையாகச் சொல்லித்தரவில்லை.

தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு பல வருடங்கள் அங்கே போக மணலில் ஓடும் வேன்தான் வழி. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள். அதற்கப்புறம் கார், பஸ், பைக் என்று வருகிற கூட்டத்துக்குக் கணக்கே இல்லை. சாலையின் ஒரு பக்கம் பெண் கடல், இன்னொரு பக்கம் ஆண் கடல் என்று நாங்கள் சொல்வோம். ஒன்று குளம் மாதிரி கிடக்கும், மற்றது எந்நேரமும் அடித்துக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்கள் அமைதியான பக்கத்தில் கால் நனைத்துவிட்டு அதே தைரியத்தில் அந்தப் பக்கமும் இறங்குகிறார்கள். இறங்கக்கூடாது என்று பலகை இருக்கிறது, போலீஸும் விரட்டுகிறார்கள், ஆனாலும் இறங்குகிறார்கள். அங்கிருந்து ராமேஸ்வரம் ஊருக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை கார்களுக்கு நடுவில் 108 எவ்வளவு வேகமாக வந்தாலும் எத்தனை நிமிடம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். மூச்சு நின்று நாலைந்து நிமிடம் ஆனால் மூளை கெட ஆரம்பித்துவிடும். ஆக, அங்கே டாக்டர் என்றால் அது மீன் பொரித்து விற்கிற அக்காதான், சங்கு சிப்பி மாலை விற்கிறவர்தான், ஆட்டோ அண்ணன்தான். இதை அரசாங்கம் ஒப்புக்கொண்டு வேலையை ஆரம்பிக்கவேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

சில வருடங்களுக்கு முன் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு அரிச்சல்முனைக்குப் போயிருந்தபோது வெளிமாநிலப் பையன் ஒருவனை இரண்டு பேர் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். இருபது வயதுகூட இருக்காது, உதடு நீலம் பாரித்துவிட்டது. வந்ததும் ஒருத்தர் அவனை இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார், தண்ணீர் வெளியே வரட்டும் என்று. இன்னொருவர் வயிற்றைப் பிசைந்தார். கை வெட்டி வெட்டி இழுத்ததைப் பார்த்து வலிப்பு என்று நினைத்து ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். கடையிலிருந்து சோடா பாட்டில் வந்தது. அத்தனை பேரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள், ஆனால் பையனுக்கு வேண்டியது அதில் ஒன்றுமே இல்லை. "மல்லாக்கப் படுக்க வையுங்கப்பா, தள்ளுங்க" என்று கத்தி உள்ளே நுழைந்து, தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்கி, மூக்கை அடைத்து வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதினேன். தூக்கி வந்த தம்பியையே நெஞ்சில் கை வைத்து அழுத்தச் சொல்லி எண்ணிக்கொண்டே இருந்தேன். வாயில் நுரை வந்துகொண்டே இருந்தது, துடைக்க நிற்கவில்லை. கடைசியில் குமட்டி வாந்தி எடுத்தான், சட்டென்று ஒருக்களித்துப் படுக்க வைத்தோம், அப்புறம் கரகரவென்று மூச்சு வந்தது. ஆம்புலன்ஸ் வரும்போது கண் திறந்திருந்தான். பிழைத்துக்கொண்டான்.

இதில் என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. போலீஸ் வண்டி தூரத்தில் தெரிந்ததும் அந்தத் தம்பி என்னிடம் குனிந்து, "அக்கா, என் பேரச் சொல்லிராதீங்க" என்று சொல்லிவிட்டு, ஈரக் கைலியோடு கடைக்குப் பின்னால் போய்விட்டான். ஒரு உயிரைக் காப்பாற்றியவன் திருடன் மாதிரி ஒளிந்துகொண்டு போகிறான் என்றால் எங்கேயோ பெரிய தப்பு இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செய்முறை. தண்ணீரில் மூழ்கியவரின் வயிற்றை அழுத்தித் தண்ணீரை வெளியேற்றப் பார்ப்பது வீண் மட்டுமில்லை, ஆபத்து. வயிற்றில் இருக்கிற சோறும் தண்ணீரும் மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விடும். தலைகீழாகப் பிடிப்பது, சுற்றுவது, குப்புறப் போட்டு முதுகில் குத்துவது எல்லாமே மூச்சு கொடுக்கவேண்டிய நேரத்தைத் தின்கிற வேலை. இன்னொரு விஷயம் இருக்கிறது. இப்போது கல்லூரியிலும் கம்பெனிகளிலும் நடத்துகிற முதலுதவி வகுப்புகளில் 'நெஞ்சை அழுத்தினால் போதும், வாயில் ஊதவேண்டாம்' என்று எளிமைப்படுத்திச் சொல்கிறார்கள். நடந்து போகும்போது திடீரென்று இதயம் நின்று விழுந்தவருக்கு அது சரி, ஏனென்றால் அவர் ரத்தத்தில் இன்னும் ஆக்சிஜன் இருக்கிறது. மூழ்கியவருக்கு அது போதாது. அவர் இதயம் நின்றதே காற்று இல்லாமல்தான். அதனால் அவருக்கு முதலில் மூச்சு, இரண்டிலிருந்து ஐந்து முறை, நெஞ்சு எழும்புகிற அளவுக்கு. அப்புறம் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, மறுபடி முப்பது. பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் உள்ளே போகிற மாதிரி, நிமிடத்துக்கு நூறிலிருந்து நூற்றிருபது வேகத்தில். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, பொம்மையை வைத்து வியர்க்க வியர்க்க அழுத்திப் பார்த்தால்தான் கைக்கு வரும். ஒரு தடவை பழகினாலும் சில மாதத்தில் மறந்துபோகும். எனவே ஒரு நாள் கூட்டம் போட்டு சான்றிதழ் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிற பயிற்சியால் பிரயோஜனம் இல்லை.

பிழைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டால் 'சரி, ஒன்றுமில்லை, ரூமுக்குப் போ' என்று அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் தப்பு. நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும். நினைவு தப்பியவர், இருமிக்கொண்டே இருப்பவர், மூச்சு வாங்குகிறவர் எல்லாரும் மருத்துவமனைக்குப் போயே ஆகவேண்டும்.

கடலோர அவசரம் என்றால் மூழ்குவது மட்டும்தான் என்று நினைக்கவேண்டாம். அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு வந்து பாருங்கள். வயசான அப்பா அம்மாக்கள், திதி கொடுக்கவேண்டும் என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆனால் சுகர் மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு வந்து வெயிலில் நிற்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுகிறார்கள். நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீரோ ஜூஸோ கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைக்கவேண்டும். இது அங்கே பூக்காரம்மாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும், தர்ப்பணம் செய்துவைக்கிற ஐயருக்கும் தெரிந்திருக்கவேண்டும். திருச்செந்தூரில் கோயில் கடற்கரையில் கடல் பாதுகாப்புப் பணியாளர்கள் நிற்கிறார்கள், அலையில் விழுந்து கால் முறிந்தவர்களைத் தூக்கி வந்து முதலுதவி செய்து அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. அதைப்போல ஒவ்வொரு தீர்த்தக் கரையிலும் வேண்டும்.

சொறி பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்கிறார்கள். ஜெல்லி மீன் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்களே, அதுதான். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் ஊற்றினாலும் தோலில் ஒட்டியிருக்கிற நார்களிலிருந்து விஷம் இன்னும் ஏறும். கடல் தண்ணீரால் கழுவி, நாரை வெறுங்கையால் தொடாமல் எடுத்துவிட்டு, தாங்குகிற அளவு வெந்நீரில் வைத்தால் பெரும்பாலும் வலி அடங்கும். மூச்சுத் திணறினால் தாமதிக்கவே கூடாது, உடனே 108. திருக்கை முள் குத்தினாலும் வெந்நீர்தான் மருந்து, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரை. வலியில் கிடப்பவருக்குச் சூடு தெரியாது, அதனால் உதவுகிறவர் தன் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்கவேண்டும். இதற்கு எங்கள் ஊரில் பெரியவர்கள் சூடு காட்டுகிற வழக்கம் ஏற்கெனவே உண்டு, ஆகவே சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது. படகு விசிறி வெட்டினால் காப்பித்தூளும் மஞ்சளும் வேண்டாம், சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்தால் போதும்.

இனி, அந்தத் தம்பி ஏன் ஓடினான் என்பதற்கு வருகிறேன். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் இன்றைக்கு யாரும் பயப்படவேண்டியதில்லை. உச்ச நீதிமன்றம் 2016-இல் அதற்கான நெறிமுறைகளுக்குச் சட்ட பலம் கொடுத்தது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தில் 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள், உதவியவர் மேல் வழக்குப் போடக்கூடாது என்று. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் வந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்டவேண்டாம், கொண்டுவந்து சேர்த்தவருக்கு ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அருமையான திட்டம், எத்தனையோ குடும்பம் அதனால் பிழைத்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் வண்டி விபத்துக்கு. கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றினால்? நல்லெண்ணத்தோடு உயிர் காக்கச் செய்த காரியம் குற்றமாகாது என்று பொதுவான குற்றவியல் சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கைலி கட்டிய மீனவனிடம் அதை யார் போய்ச் சொன்னார்கள்? அவனுக்குத் தெரிந்ததெல்லாம், ஆள் செத்துப்போனால் ஸ்டேஷனில் சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள், ஒரு நாள் தொழில் போகும், 'நீ அழுத்தித்தான் விலா எலும்பு உடைந்தது' என்று யாராவது கேட்பார்கள் என்பதுதான். நெஞ்சை அழுத்தினால் சில சமயம் விலா எலும்பு உடையத்தான் செய்யும், அதற்காக அழுத்துவதை நிறுத்தக்கூடாது என்பதை போலீஸும் உறவினர்களும் தெரிந்துகொள்ளவேண்டும்.

எனவே அரசுக்கு என் முதல் கோரிக்கை இதுதான். கடலிலும் ஆற்றிலும் மூழ்கியவர்களைக் காப்பாற்றுகிறவர்களுக்கும் அதே பாதுகாப்பையும் அதே ஊக்கத்தொகையையும் ஓர் அரசாணையில் நீட்டித்துக் கொடுங்கள். மூழ்கியவருக்கும் அந்த 48 மணி நேரச் சிகிச்சை கிடைக்கட்டும். நாட்டில் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நீரில் மூழ்கி இறப்பதாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது. இது சின்ன விஷயமா?

இரண்டாவது, யாருக்குப் பயிற்சி, எப்போது என்பது. இதை யோசித்துப் பார்த்தால் விடை கண்ணெதிரில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். சுற்றுலாக் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அதே இரண்டு மாதம்தான். விசைப்படகுக்காரர்கள் வேலையில்லாமல் படகைக் கரையேற்றி பெயின்ட் அடித்துக்கொண்டும் வலை பழுது பார்த்துக்கொண்டும் இருக்கிறார்கள், பக்கத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் ஆபத்து தெரியாமல் கடலில் இறங்குகிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இவர்களுக்கு முறையான பயிற்சி கொடுத்து, தடைக்காலம் முழுக்கத் தினக்கூலி கொடுத்து, கடற்கரைக் காவலர்களாக நிறுத்தினால் நிவாரணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கும் ஆதரவு, வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு. கோவாவில் 2008 முதல் தனியார் நிறுவனம் மூலம் சம்பளத்துக்கு உயிர்காப்பாளர்களை நிறுத்தியிருக்கிறார்கள். நம்மிடம் அதற்குத் தகுந்த ஆட்கள் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்து நிற்கிறார்கள்.

ஆண்கள் மட்டும் போதாது. மூழ்கியது ஒரு பெண் என்றால் நெஞ்சில் கை வைக்க ஆண்கள் தயங்குகிறார்கள், கூட வந்தவர்களும் தடுக்கிறார்கள், அந்தத் தயக்கத்திலேயே உயிர் போய்விடுகிறது. பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கிற பெண்களைப் போய்ப் பாருங்கள். விரலுக்கு விரல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, சேலைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு மூச்சடக்கி முங்குகிறவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச விருதே கிடைத்தது. கடலைப் பற்றி இவர்களுக்குத் தெரியாதது இல்லை. இவர்களையும், கரையில் கடை போட்டிருக்கும் பெண்களையும் சேர்த்தால் ஒவ்வொரு கடற்கரையிலும் கை கொடுக்க ஒரு பெண்ணாவது இருப்பார். மகளிர் குழுக்கள் மூலமே இதைச் செய்யலாம், புதிதாக ஒரு அலுவலகம் திறக்கவேண்டாம்.

'ஆப்த மித்ரா' என்று பேரிடர்த் தன்னார்வலர்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுக்கும் திட்டம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் கடற்கரைக்கான பயிற்சியைக் கடற்கரையில்தான் நடத்தவேண்டும், கலெக்டர் ஆபீஸ் ஹாலில் மின்விசிறிக்குக் கீழே அல்ல. ஈர மணலில், காற்றில், சுற்றிலும் அழுகிற சொந்தக்காரர்களுக்கு நடுவில், ஹிந்தியிலும் தெலுங்கிலும் நாலு வார்த்தை கத்தி கூட்டத்தை விலக்கிச் செய்யப் பழகவேண்டும். 108-ஐக் கூப்பிடும்போது இடத்தை எப்படிச் சொல்வது என்பதையும் சேர்த்துப் பழக்கவேண்டும். படகில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093. இந்த இரண்டு எண்ணும் மீனவர்களுக்குத் தெரிகிறது, சுற்றுலா வேன் டிரைவர்களுக்குத் தெரிவதில்லை.

காப்பாற்றப் போகிறவரும் சேர்ந்து மூழ்குவது நம் கடற்கரைகளில் சாதாரணமாகிவிட்டது. முதலில் கயிறு, மூடி போட்ட காலி கேன், மிதக்கிற எதையாவது எறியவேண்டும், கடைசி வழியாகத்தான் ஆள் இறங்கவேண்டும். நீரோட்டத்தில் மாட்டியவர் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரவேண்டும். 2024 மே 6-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த பிள்ளைகள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது நினைவிருக்கும். காற்று இல்லாமல், மழை இல்லாமல், எங்கோ தெற்கே கிளம்பிய பேரலை சொல்லாமல் வந்து ஏறுகிற 'கள்ளக்கடல்' பற்றி ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை கடற்கரையில் கடலை விற்கிறவரின் போனுக்கு வந்தால்தான் பலன். அவர்தான் 'இன்னைக்கு இறங்காதீங்க தம்பி' என்று சொல்லப்போகிறவர்.

படகுகளைப் பற்றி ஒரு வார்த்தை. 2017 பிப்ரவரியில் மணப்பாடு கடலில் மீன்பிடிப் படகில் அளவுக்கு மேல் ஆளேற்றிப் போய்க் கவிழ்ந்து எத்தனை உயிர் போனது. லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒருவரையும் ஏற்றக்கூடாது, சரி. அதோடு படகோட்டிக்கு முதலுதவி தெரியாமல் சுற்றுலாப் படகுக்கு உரிமமே கொடுக்கக்கூடாது என்று விதி வையுங்கள். பிரப்பன்வலசை, காரங்காடு மாதிரி உள்ளூர்க்காரர்களே சுற்றுலா நடத்துகிற இடங்களில் இதைத் தொடங்குவது சுலபம், அங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள்.

செலவும் பெரிதில்லை. கரையோரக் கடைகளில் இருபதுக்கு ஒன்றில் ஒரு பெட்டி: கட்டுத்துணி, கையுறை, மூச்சு ஊதும்போது வாயில் வைத்துக்கொள்ளும் முகமூடி, இடுக்கி, ஒரு கயிறு, மிதவை. வெந்நீருக்கு அடுப்பு கடையிலேயே இருக்கிறது. அக்னி தீர்த்தம் மாதிரிக் கூட்டம் கூடும் இடங்களில் இதயத்துக்கு மின்அதிர்வு கொடுக்கும் கருவியும் வையுங்கள், அது எப்படி என்று அதுவே பேசிச் சொல்லும்.

கடைசியாக உங்களிடமும் ஒரு கோரிக்கை, ஆசிரியர் அவர்களே. ஏப்ரல் முதல் ஜூன் வரை ஞாயிறுதோறும் உங்கள் கடலோரப் பதிப்புகளில் கால் பக்கம் ஒதுக்கி, மூழ்கியவருக்கு முதலில் என்ன செய்யவேண்டும் என்பதைப் படத்தோடு, பெரிய எழுத்தில் போடுங்கள். எங்கள் கடைக்காரர்கள் வெட்டி, டீக்கடைப் பலகையில் ஒட்டி வைப்பார்கள். படம் வரைகிறவருக்கு விளக்கம் தேவைப்பட்டால் நான் வந்து செய்துகாட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
தங்கச்சிமடம், ராமநாதபுரம் மாவட்டம்.